மனக்கணக்கின் வரவு செலவு

47-உம் 38-உம் சேர்ந்தால் எவ்வளவு? இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தாள் தராமல், பலகையில் எழுதாமல், வாயால் மட்டும் கேட்டுப் பாருங்கள். விடை வருவதற்குள் அந்தப் பிள்ளை எத்தனை எண்களை மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும், எத்தனை நொடி ஆகும், எந்த இடத்தில் எண் கைநழுவும் என்பதை ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம். உளவியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அளந்து வைத்திருக்கும் எண்கள் அதற்குப் போதும். ‘கவனக்குறைவு’, ‘மந்தம்’ என்று பிள்ளைகள்மேல் எழுதப்படும் பல கணக்குப் பிழைகளை இந்த எண்களை வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரவு

1887-இல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் பள்ளி மாணவர்களிடம் இலக்கங்களை வரிசையாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லவைத்தார். சராசரியாக 9.3 இலக்கங்கள் நின்றன. எழுத்துகள் என்றால் 7.3. 1956-இல் ஜார்ஜ் மில்லர் வளர்ந்தவர்களுக்கு 7 என்றார், 2 கூடலாம், 2 குறையலாம். 2001-இல் நெல்சன் கோவன் அதையும் வெட்டினார். முணுமுணுத்துக்கொள்வது, சேர்த்துக் கட்டுவது போன்ற உத்திகளைக் கழித்துவிட்டால் உண்மையில் நிற்பது 4 அளவுதான் என்பது அவர் கணக்கு.

சிறு வயதில் இன்னும் குறைவு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதில் 5 வயதில் 4 இலக்கம், 7 வயதில் 5, 9 வயதில் 6 என்று மெல்ல ஏறுகிறது. இது வெறும் ஒப்புவித்தல் மட்டுமே. கையில் ஒரு வேலையைச் செய்துகொண்டே மனத்தில் ஒன்றைப் பிடித்து வைப்பது இதைவிடக் கடினம். அப்படிப் பிடித்தும் வைத்து வேலையும் செய்யும் திறனைத்தான் ‘செயல் நினைவு’ என்கிறார்கள். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இதற்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள்: ஒலியைச் சுழற்றி வைத்திருக்கும் பகுதி ஒன்று, காட்சியை வைத்திருக்கும் பகுதி ஒன்று, இரண்டையும் மேய்க்கும் கவனப் பகுதி ஒன்று. 2000-இல் பேட்லி நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார். நம் கணக்குக்கு முதல் மூன்றே போதும்.

ஒலிப் பகுதிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஏறத்தாழ 2 நொடிக்குள் எவ்வளவு சொல்லி முடிக்கிறாரோ அவ்வளவுதான் அதில் நிற்கும் என்று பேட்லி, தாம்சன், புக்கானன் மூவரும் 1975-இல் காட்டினார்கள். 1980-இல் எல்லிஸும் ஹென்னெலியும் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசும் மாணவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் எண்பெயர்களைச் சொல்லச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதே மாணவருக்கு வெல்ஷில் குறைவான இலக்கங்களே நினைவில் நின்றன. மூளை ஒன்றுதான், வேறுபட்டது உச்சரிக்கும் நேரம்.

நேரத்தால் அளக்கும் இந்த முறை தமிழ் இலக்கணத்துக்குப் பழகியது. மாத்திரை என்பதே நேரத்தின் அலகு: கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம். அதன்படி ‘ஒன்று’, ‘எட்டு’ இரண்டும் ஆளுக்கு 2 மாத்திரை. ‘ஐந்து’, ‘ஆறு’ 2½. மற்ற ஐந்தும் 3. ஒன்று முதல் ஒன்பது வரை மொத்தம் 24 மாத்திரை. ‘ஏழு’ தவிர எட்டு எண்களும் அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரத்தில் முடிவதால் 4 மாத்திரை மிச்சமாகிறது. இல்லாவிட்டால் 28 ஆகியிருக்கும். ‘நாற்பத்தேழு’ 7 மாத்திரை, ‘முப்பத்தெட்டு’ 5. ஆக, நாம் கேட்ட கேள்வியின் இரண்டு எண்களை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளவே 12 மாத்திரை செலவு.

சொல்லிக்கொள்வதும் தானாக வருவதில்லை. 1966-இல் ஜான் ஃப்ளேவலும் குழுவினரும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் உதடுகளைக் கவனித்தார்கள். 5 வயதுப் பிள்ளைகளில் 10 விழுக்காட்டினரே தமக்குள் சொல்லிப் பார்த்தார்கள். 10 வயதில் 85 விழுக்காட்டினர். முதல் வகுப்புப் பிள்ளையிடம் ‘மனசுக்குள்ள வச்சுக்கோ’ என்று சொல்லும்போது, அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்னும் கைவராத ஒன்றைத்தான் கேட்கிறோம்.

செலவு

இப்போது 47 + 38. ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கும் பிள்ளை முதலில் 7-ஐயும் 8-ஐயும் கூட்ட வேண்டும். 15 என்பது மனப்பாடமாக இருந்தால் ஒரு நொடிகூட ஆகாது. இல்லையென்றால் எண்ண வேண்டும். பெரிய எண்ணை வைத்துக்கொண்டு சிறியதை ஒவ்வொன்றாக ஏற்றுவதுதான் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கும் வழி: எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று... 1972-இல் க்ரோனும் பார்க்மனும் அமெரிக்க முதல் வகுப்புப் பிள்ளைகளின் விடை நேரத்தை அளந்தபோது, ஏற்ற வேண்டிய ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழ 0.4 நொடி கூடியது. வளர்ந்தவர்களுக்கு அது 0.02 நொடி. யாராலும் அந்த வேகத்தில் எண்ண முடியாது. அவர்கள் எண்ணவில்லை, நினைவிலிருந்து எடுக்கிறார்கள்.

அந்த 0.4 நொடியையே வைத்துக்கொண்டால் 8-இலிருந்து 7 அடி ஏறுவதற்கு 2.8 நொடி. ஒலிப் பகுதியின் கொள்ளளவோ 2 நொடி. போதாததற்கு, எண்ணும் குரலும் எண்களைக் காக்கும் குரலும் ஒன்றுதான். ‘பன்னிரண்டு, பதிமூன்று’ என்று அது ஏறிக்கொண்டிருக்கும்போது, பத்தின் இடத்தில் காத்திருக்கும் 4-ஐயும் 3-ஐயும் சொல்லிப் பார்க்க ஆளில்லை. பிள்ளை சரியாகவே 15-க்கு வந்து சேரும். வந்ததும் ‘மிஸ், இன்னொரு நம்பர் என்ன?’ என்று கேட்கும். ஆசிரியர் காதில் இது ‘கவனிக்கவில்லை’ என்று விழுகிறது. கவனித்தது, எண்ணியது, எண்ணிய நேரத்தில் மற்றது மறைந்துவிட்டது.

உச்சக்கட்டத்தில் மனத்தில் இருக்க வேண்டியவற்றை என் கணக்கில் எழுதிப் பார்க்கிறேன்.

கேள்வியின் இலக்கங்கள்: 4
இப்போது எண்ணி நிற்கும் எண்: 1
எத்தனை அடி ஏறியாயிற்று என்ற கணக்கு: 1
ஆக: 6
7 வயதுப் பிள்ளையின் வரவு, அதுவும் வெறும் ஒப்புவித்தலில்: 5

விரலை மடக்கினால் அடிக்கணக்கு கைக்குப் போய்விடும். 6 என்பது 5 ஆகும். ‘இன்னுமா விரல் விட்டு எண்ணுற?’ என்று அதட்டி அந்த விரலைப் பிடுங்குவது, ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் பிள்ளையிடமிருந்து இன்னும் ஒன்றை எடுத்துக்கொள்வது. 7 + 8 மனப்பாடம் என்றால் எண்ணும் எண், அடிக்கணக்கு இரண்டுமே இல்லை. தாளில் எழுதிவிட்டால் நான்கு இலக்கங்களும் தாளுக்குப் போய்விடும். ‘5 போட்டு, கையில் 1’ என்ற அந்த ஒன்று மட்டுமே தலையில். அதையும் 4-க்கு மேலே சிறிதாக எழுதிக்கொண்டால் மிச்சம் பூஜ்யம்.

1978-இல் ஹிட்ச் வளர்ந்தவர்களிடம் பல இலக்க மனக்கூட்டலைச் சோதித்தபோதும் இதே நடந்தது. கேட்டதற்கும் பயன்படுத்துவதற்கும் இடையில் படிகள் கூடக்கூட எண்கள் மறந்தன. எண்களைக் கண்முன் எழுதி வைத்தபோது பிழை குறைந்தது.

ஒரே வகுப்பு, வெவ்வேறு கொள்ளளவு

சராசரி என்று சொல்வது ஒரு வகுப்பறையில் எவ்வளவு சிதறிக் கிடக்கும்? பிரிட்டனில் சூசன் கேதர்கோலும் ட்ரேசி அலோவேயும் ஆசிரியர்களுக்காக எழுதிய கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. 7, 8 வயதுப் பிள்ளைகள் 30 பேர் உள்ள வகுப்பில் குறைந்தது 3 பேருக்கு 4 வயதுப் பிள்ளையின் சராசரி அளவும், வேறு 3 பேருக்கு 11 வயதுப் பிள்ளையின் அளவும் இருக்கும். ஒரே பாடப்புத்தகம், ஒரே மணி நேரம், 7 ஆண்டு இடைவெளி. 2009-இல் வெளியான அவர்களது ஆய்வில், 5 முதல் 11 வயது வரையிலான 3,189 பிள்ளைகளைச் சோதித்ததில் 308 பேருக்குச் செயல் நினைவு மிகக் குறைவாக இருந்தது. பத்தில் ஒருவர்.

சரி, இந்த அளவுக்கும் கணித மதிப்பெண்ணுக்கும் உறவு எவ்வளவு நெருக்கம்? 2016-இல் பெங் குழுவினர் 110 ஆய்வுகளிலிருந்து 829 அளவீடுகளைத் திரட்டினார்கள். சராசரி ஒட்டுறவுக் கெழு 0.35. வாக்கியக் கணக்கிலும் முழு எண் கணக்கீட்டிலும் உறவு வலுவாக இருந்தது, வடிவியலில் பலவீனம். 0.35-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.1225. பிள்ளைக்குப் பிள்ளை கணக்கு மதிப்பெண் மாறுவதில் ஏறத்தாழ 12 விழுக்காடு செயல் நினைவோடு சேர்ந்து மாறுகிறது. 88 விழுக்காடு அதனோடு சேராதது. 12 என்பது சிறிய எண் அல்ல. ஆனால் ‘இவனுக்கு ஞாபக சக்தி இல்லை, கணக்கு வராது’ என்று ஒரு பிள்ளையை மூடிவைக்க அது போதவே போதாது.

இரண்டு நகரங்கள், இரண்டு சோதனைகள்

உறவு இருக்கிறது என்றால், நினைவைப் பெரிதாக்கினால் கணக்கும் வளருமே என்று தோன்றும். கணினியில் நினைவுப் பயிற்சி என்ற தொழிலே இந்த எண்ணத்தின்மேல் எழுந்தது. அதை நேர்மையாகச் சோதித்த இடம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். 2016-இல் வெளியான அந்த ஆய்வின் கணக்கை முழுதாகத் தருகிறேன். பெற்றோர் அனைவரும் படிக்க வேண்டிய கணக்கு அது.

சராசரி 6.9 வயதுள்ள 1,723 பிள்ளைகளைச் சோதித்து, செயல் நினைவு குறைவான 452 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர், அதாவது 226 பேர், பயிற்சிக்கு. மற்ற 226 பேர் வழக்கமான வகுப்பிலேயே. பயிற்சி 20 முதல் 25 அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். பயிற்சிக்கு வந்தவர்களில் 90.3 விழுக்காட்டினர் குறைந்தது 20 அமர்வை முடித்தார்கள். அரைகுறையாகச் செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பிள்ளைக்கான செலவு 1,035 ஆஸ்திரேலிய டாலர், அன்றைய மதிப்பில் 50,000 ரூபாயை ஒட்டி. 226 பேருக்கு 2,33,910 டாலர். நேரம், ஆளுக்கு 15 மணி முதல் 18 மணி 45 நிமிடம் வரை. நம் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 800 மணி நேரப் பாடம் என்கிறது. அந்த அளவுகோலில் ஏறத்தாழ 2 விழுக்காடு.

கிடைத்தது என்ன? அளந்த நான்கு நினைவுத் திறன்களில் ஒன்றே ஒன்று, காட்சி சார்ந்த குறுகிய கால நினைவு, 6 மாதத்திலும் 12 மாதத்திலும் உயர்ந்திருந்தது. வாசிப்பிலோ எழுத்துக்கூட்டலிலோ பயன் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களின் கணித மதிப்பெண் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.0 குறைந்திருந்தது. இழந்த வகுப்பு நேரம், செலவு, நிலைக்காத பயன் மூன்றையும் சுட்டி, பள்ளிகளில் பரவலாகச் செய்ய இதைப் பரிந்துரைக்க முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே ஆண்டில் மெல்பி-லெர்வோக், ரெடிக், ஹூம் மூவரும் 87 வெளியீடுகளில் இருந்த 145 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற விளையாட்டிலும் அதையொத்த சோதனையிலும் பயின்றவர்கள் தேறினார்கள். எண்கணிதத்துக்கு அது வந்து சேர்ந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

மற்றது குஜராத்தின் வடோதரா. டேவிட் பார்னரும் குழுவினரும் 204 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மனத்தில் அபாகஸ் மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் முறையையும் மற்றதற்கு வழக்கமான கூடுதல் கணக்குப் பாடத்தையும் கொடுத்து, 3 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி அபாகஸ் பிரிவின் எண்கணிதம் முன்னேறியது. நினைவுத்திறனில் அதற்கு ஈடான வளர்ச்சி இல்லை. அத்துடன், தொடக்கத்திலேயே காட்சி நினைவு நன்றாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மெல்போர்னில் நினைவின் ஒரு பகுதி வளர்ந்தது, கணக்கு வளரவில்லை. வடோதராவில் கணக்கு வளர்ந்தது, நினைவு வளரவில்லை. கணக்கைப் பயிற்றுவித்த இடத்தில் கணக்கு வந்தது. தெருவுக்குத் தெரு ‘மூளை வளர்ச்சி’, ‘ஞாபக சக்தி’ என்று பலகை மாட்டிய அபாகஸ் வகுப்புகள் இருக்கும் நம் ஊரில், பணம் கட்டும் முன் இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மணிச்சட்டம் கணக்குக்கு உதவலாம். ‘மூளையே வளரும்’ என்ற வாக்குறுதிக்கு அந்த 3 ஆண்டு ஆய்வில் ஆதாரம் இல்லை.

81 விடைகள்

வரவைக் கூட்ட வழியில்லை என்றால் செலவைத்தான் குறைக்க வேண்டும். அதற்கு மனப்பாடம் செய்ய வேண்டியவை நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1 முதல் 9 வரை எந்த இரண்டைக் கூட்டினாலும் 81 கூட்டல்கள். 3 + 8-உம் 8 + 3-உம் ஒன்றே என்று தெரிந்த பிள்ளைக்கு 45 மட்டுமே. பெருக்கல் வாய்ப்பாட்டில் 1-ஐயும் 10-ஐயும் விட்டுவிட்டால் 2 முதல் 9 வரை 64. அதே மாற்றுவழி தெரிந்தால் 36. இரண்டும் சேர்ந்து 81 விடைகள். தொடக்க வகுப்புக்குச் சட்டம் சொல்லும் வேலை நாட்கள் ஆண்டுக்கு 200. இந்த 81-உம் நாவில் நின்றுவிட்டால், 2.8 நொடி எண்ணிக்கை ஒரு நொடிக்குள் அடங்கும். விடுபட்ட நேரத்தில் பிள்ளை கணக்கின் பொருளை யோசிக்கலாம்.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வித்ததன் பயன் இங்கேதான் இருக்கிறது. முந்திரி என்ற 1/320, காணி என்ற 1/80, மா என்ற 1/20, வீசம் என்ற 1/16 எல்லாம் அந்தப் பிள்ளைகளின் நாவில் புரண்டன. நிலம் அளப்பவருக்கும் நெல் அளப்பவருக்கும் அவை கைவசம் தேவைப்பட்டன. பல சாதியினருக்கும் பெண்களுக்கும் கதவு மூடியிருந்த பள்ளி அது, பிரம்பும் இருந்தது. அவற்றை மீட்கச் சொல்லவில்லை. மனப்பாடம் என்றாலே அறிவுக்கு எதிரி என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன். 7 × 8 = 56 என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளையும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தால், நீள்வகுத்தலின் நடுவில் வழி தவறும்.

தாள் மட்டும் போதாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வின் 2024 அறிக்கையின்படி இந்திய ஊரகங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 33.7 விழுக்காட்டினரால்தான் இனமாற்றத்தோடு ஈரிலக்கக் கழித்தலைச் செய்ய முடிந்தது; ஐந்தாம் வகுப்பில் மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 30.7 விழுக்காடு. அந்தச் சோதனையில் எழுதிப் பார்க்கத் தடை இல்லை. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் பிள்ளை, 5-இடம் கடன் வாங்கி 12 ஆக்கியபின், 12-இல் 7 போக எவ்வளவு என்பதைக் கோடு கிழித்து எண்ணத் தொடங்கினால், கடன் கொடுத்த 5 இப்போது 4 என்பது மறந்துபோகும். 35 என்று எழுதி நிற்கும்.

2025-இல் பானர்ஜி, டஃப்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ, வாங்கியவர் 200 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். மீதி 163 ரூபாய். இந்த வகைக் கணக்கை அவர்கள் தாளில்லாமல் போட்டார்கள். அதே பிள்ளைகள் பள்ளி வடிவத்தில் எழுதிய, இதைவிட எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், வியாபாரம் செய்யாத 471 பிள்ளைகளுக்கு நேர்மாறு: வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் போட்ட சந்தைக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளில் 1 விழுக்காட்டினரே சரியாகப் போட்டார்கள். தாளில் அவர்கள் எழுதிய வழி நீளமாகவும் மெதுவாகவும் இருந்தது.

800 கிராமுக்கு எளிய வழி 20-இல் 4-ஐக் கழிப்பது: 16. 1.4 கிலோவுக்கு 15-உம் 6-உம்: 21. கடைசியில் மனத்தில் நிற்பவை இரண்டு எண்களே, இரண்டுக்கும் உருளை, வெங்காயம் என்று பெயர் இருக்கிறது. இந்த உடைத்துப் போடும் வழியைப் பள்ளி தன் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். சந்தைப் பிள்ளைக்கு எழுதும் வழியையும் பள்ளி தர வேண்டும். இப்போது இருவருமே பாதியோடு நிற்கிறார்கள்.

செலவுப் பக்கத்தில் இன்னும் இரண்டு பதிவுகள். ஒன்று, பயம். சிகாகோவில் ராமிரெஸ், பெய்லாக் முதலியோர் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 2013-இல் கண்டது: கணக்கைக் கண்டு அஞ்சுவதால் மதிப்பெண் இழந்தவர்கள், செயல் நினைவு கூடுதலாக உள்ள பிள்ளைகள்தான். நினைவை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் அவர்கள். பயம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி, நொடி எண்ணி, ‘சீக்கிரம் சொல்லு’ என்று கேட்கும் வழக்கம் நல்ல பிள்ளையையும் வீழ்த்துகிறது.

மற்றது, நம் வாய். ‘கணக்கு நோட்டை எடு, 38-ஆம் பக்கம், பயிற்சி 2-இல் 4-ஆவது கணக்கு, இடப்பக்கம் எழுது, முடிச்சதும் என்கிட்ட காட்டு.’ ஒரே மூச்சில் ஆறு செய்திகள்: நோட்டு, 38, 2, 4, இடம், காட்டுவது. கணக்கு தொடங்கும் முன்பே 7 வயதின் 5 தீர்ந்துபோயிற்று. 38, 2, 4 மூன்றையும் பலகையின் மூலையில் எழுதிவிட்டு, ‘நோட்டை எடு’ என்று மட்டும் சொல்லலாம். எடுத்தபின் அடுத்ததைச் சொல்லலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுச் சாக்கட்டி.